அழுத்தத் தெரியாதவள்

“இவளுக்கு அழுத்தவே தெரியல, நஃபீசா. எண்ணெய் தடவுற மாதிரி தடவிட்டுப் போயிடுறா. நீங்களே சொல்லிக் கொடுங்க லா!”

நிரஞ்சனாவால் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தப் பிசியோ கிளினிக்கில் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தாள். இன்னும் மூன்று வாரத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். இந்த நேரம் பார்த்தா பின்பக்கத்தில், உள்ளே ஆழத்தில், ஆணி அடித்தாற்போல வலி வரவேண்டும்? ஒரு நாள் ஓடாவிட்டால் வீட்டில் இருப்பவர்களை ஓட வைத்துவிடுவாள் அவள்!

“உள்ளே இருக்கிற ஒரு சின்ன மசில்தான். ஓடி ஓடி இறுகிப்போய் நரம்பை நெருக்குது,” என்றாள் பிசியோ நஃபீசா. “மூணு வாரம் ஓடாம இருங்களேன்.”

“ஐயய்யோ, அது மட்டும் நடக்காது! ஸ்ட்ரெச் எல்லாம் ஒழுங்கா பண்றேன். ராத்திரி யாராவது நல்லா அழுத்திவிட்டா போதும். அதுக்குத்தானே வீட்டுல ஆள் இருக்கு? இவ என்னடான்னா முட்டி போட்டுத் தரையைத் துடைக்கச் சொன்னாலே மூக்கால அழுவுறா. இப்பல்லாம் எதுலயும் ஒரு சுறுசுறுப்பே கிடையாது. கத்துக்கட்டும்னுதான் பாசிர் ரிஸ் வீட்டுலேர்ந்து இழுத்துட்டு வந்தேன்.”

வீட்டு வேலை செய்யும் அமலா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“எங்கே வலிக்கும்னு தெரிஞ்சாத்தான் சரியா அழுத்த வரும்,” என்றாள் நஃபீசா. “அமலா, ஒரு நிமிஷம் இங்க வந்து குப்புறப் படுங்க.”

“நானா? வேணாம் டாக்டர்...”

“படு அமலா, நேரமாவுது!” என்றாள் நிரஞ்சனா.

நஃபீசா முழங்கையை வைத்து மெல்லத்தான் அழுத்தினாள். அமலா “ஐயோ அம்மா!” என்று அலறிய அலறலில், வெளியே காத்திருந்தவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

நஃபீசா சட்டென்று கையை எடுத்தாள். அமலாவின் காலை மடக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

“நிரஞ்சனா, உங்களுக்கு இருக்கிற அதே பிரச்சினை. ஆனா இவங்களுக்கு உங்களைவிட மோசம்.”

“இவளுக்கா? ஓடுறவங்களுக்குத்தானே இது வரும்? இவ எங்க ஓடுறா?”

“நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்து துடைக்கிறாங்க, குந்தி உக்காந்து கழுவுறாங்க. அது போதாதா?” நஃபீசா அமலாவின் பக்கம் திரும்பினாள். “எத்தனை நாளா வலிக்குது?”

“தீபாவளியிலேர்ந்து, டாக்டர்.”

நிரஞ்சனாவின் நடை நின்றது. அந்நிய மனுஷி முன்னால் இப்படி மானம் போகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

“இத்தனை மாசமாவா? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே! நான் என்ன பேயா, பிசாசா? சொல்லியிருந்தா பார்த்திருக்க மாட்டேனா?”

அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“பொங்கல் அன்னிக்கே சொன்னேனே மேடம். ‘சும்மா உக்காந்தே இருந்தா அப்படித்தான் வலிக்கும், எழுந்து வேலையைப் பாரு’ன்னீங்க.”