மடியை விட்டு இறங்காத பூனை

"டாக்டர், பழைய வீட்ல இவரைக் கண்டாலே பிறாண்டுற பூனை, புது வீட்டுக்கு வந்ததும் இவர் மடியை விட்டு இறங்க மாட்டேங்குது. நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கல!" என்றேன் போனில்.

"வீடு மாறினா பூனைக்குக் குணமும் மாறும்மா. போகப் போகப் பழகிடும்."

என் கணவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "கூடையில பிடிச்சுப் போட்டது யாரு? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒரே அமுக்கு!"

மறுபடி போன். பழைய வீட்டில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா, நீங்க போனதிலிருந்து எங்க பூனை சரியில்லை. சாதுவா மடியில கிடந்தது, இப்ப எங்க வீட்டுக்காரரைப் பிறாண்டி எடுக்குது. ரெண்டு கறுப்பும் ஒண்ணாவே திரிஞ்சுதுங்க, பிரிவு ஏக்கமோ?"

மடியிலிருந்த கறுப்பைப் பார்த்தேன். கணவர் அதை இறுக அணைத்தபடி கிசுகிசுத்தார்.

"போகப் போகப் பழகிடும்னு சொல்லு!"