செஞ்சியிலிருந்து நாக்பூருக்கு

விமல்ராஜ் அட்டைப்பெட்டியை வெட்டி, மகனின் பொம்மை லாரிகளுக்கு ரோடு ஒட்டிக்கொண்டிருந்தான். செஞ்சி மலைகளுக்கு மூன்று ஜல்லிக்கல், நாக்பூருக்கு ஓர் ஆரஞ்சுப்பழம். ஒட்டியதையே பிய்த்து மறுபடி ஒட்டினான்.

“லாரி கெளம்பற நேரத்துல இன்னாய்யா இது?” என்றாள் மனைவி கலைவாணி, சோற்றுத் தூக்கை மூடியபடி. “எலுமிச்சம்பழம் வாங்கினியா?”

“முன்சக்கரத்துல வெச்சிட்டேன். போன தடவ புள்ள டயரைக் கட்டிப் புடிச்சிட்டு அழுதானே. இந்த ரோடு இருந்தா அழ மாட்டான்.”

“பசை காயறதுக்குள்ள நாக்பூரே வந்துடும்.”

அவன் சிரிக்கவில்லை.

மகன் தர்ஷன் அட்டை ரோட்டில் பொம்மை லாரியை நிறுத்தினான். சமையலறைக்கு ஓடி ஒரு சுண்டைக்காயை எடுத்துவந்தான். முன்சக்கரத்தின் அடியில் வைத்து, லாரியை அழுத்தித் தள்ளி நசுக்கினான்.

“நைனா, பழம் நசுங்கிடுச்சு. இப்ப அம்மா கெளம்பலாம்!”

கலைவாணி மகனை முத்தமிட்டாள். சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, டிரைவர் சீட்டில் ஏறினாள்.

லாரி தெருமுனை திரும்பி மறைந்தது. தர்ஷன் அழவில்லை. பொம்மை லாரியை ஆரஞ்சுப்பழம்வரை ஓட்டிப்போய், மெல்லத் திருப்பினான்.

“அழாத நைனா. அம்மா திரும்பிடுச்சு பாரு.”