உமேஷுங்க

'சார்' என்று கூப்பிட்ட குற்றத்துக்காகத் தாரணியின் வேலை ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

மைசூருவில் அந்த அலுவலகத்தில் அவள் சேர்ந்து நாலு வாரம் ஆகிறது. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். முதல் நாள் வரவேற்புப் பை ஒன்று கொடுத்தார்கள். உள்ளே ஒரு டீ-ஷர்ட், ஒரு காபிக் கோப்பை, 'நாம் ஒரே குடும்பம்' என்று அச்சடித்த அட்டை. கழிப்பறை எங்கே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. குடும்பத்தில் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

குழுத் தலைவர் உமேஷ் மைசூருவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தாரணியின் அப்பா வயது. முதல் 'சார்' காதில் விழுந்ததுமே திருத்தினார்.

"இங்கே சார் கிடையாது, மேடம் கிடையாது. மரியாதைங்கிற பேர்ல யாரும் யாருக்கும் கும்பிடு போடக் கூடாது. எல்லாரும் சமம். என்னை உமேஷ்னே கூப்பிடு."

சமம் என்பதால் அவர் அவளை 'நீ' என்றார்.

தாரணி விடுதி அறையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினாள். 'உமேஷ்' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டது.

"ஃபைல் அனுப்பிட்டேன் உமேஷுங்க."

"அந்த 'ங்க' எதுக்கு?"

"எங்க ஊர்ல பஸ் கண்டக்டரே 'தள்ளி நில்லுங்க கண்ணு'ம்பாருங்க. வாய் கேக்க மாட்டேங்குதுங்க உமேஷுங்க."

உமேஷ் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அவளுடைய மதிப்பீட்டுப் படிவத்தில், 'நம் அலுவலகப் பண்பாட்டோடு இன்னும் ஒட்டவில்லை' என்று எழுதினார். ஆறாவது வாரம் அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள்.

பக்கத்து இருக்கை மீனா கொள்ளேகாலத்துப் பெண்; தமிழும் கன்னடமும் பேசுவாள். அவள்தான் ஒரு வழி சொன்னாள். பெங்களூருவிலிருந்து பெரிய அதிகாரி கணேஷ்குமார் வரப்போகிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால், படிவத்தில் என்ன எழுதியிருந்தாலும் வேலை நிரந்தரம்.

தாரணி ஒரு வாரம் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் தயார் செய்தாள். 'முதல் நாள்' என்று தலைப்பு. கழிப்பறை எந்த மாடியில், அடையாள அட்டையை யாரிடம் வாங்குவது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மதியம் புதியவர் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

உமேஷிடம் காட்டினாள். இதெல்லாம் ஒரு யோசனையா என்று கேட்டுவிட்டு, அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

கூட்டத்தில் கணேஷ்குமார் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். போன வருஷம் சேர்ந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் ஏன் ஓடிப்போனார்கள் என்று இன்றைக்குத்தான் புரிகிறது என்றார் ஆங்கிலத்தில். அப்புறம் சந்தோஷத்தில் கன்னடத்துக்குத் தாவி, வேகமாகக் கேட்டார்.

"இதர க்ரெடிட் யாரிகெ ஹோகபேகம்மா?"

தாரணிக்குக் கடைசி 'அம்மா' மட்டும்தான் விளங்கியது. தவித்துப்போய் உமேஷின் பக்கம் திரும்பினாள்.

"உமேஷுங்க..."

கணேஷ்குமார் நெகிழ்ந்துபோனார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பெண்ணா என்று வியந்தார். எழுந்து போய் உமேஷின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் தாரணியும் தட்டினாள். உமேஷ் மூன்று தடவை "தேங்க்யூ சார்" சொன்னார்.

சாப்பாட்டு அறையில் மீனா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பெருமை யாருக்குப் போகணும்னு கேட்டாரு. கன்னடத்துல 'உமேஷங்கெ'ன்னா 'உமேஷுக்கு'ன்னு அர்த்தம். நீயே தாம்பாளத்துல வச்சுக் குடுத்துட்டியே, தாரணி."

சாயங்காலத்துக்குள் இரண்டு கடிதங்கள் வந்தன. உமேஷுக்குப் பாராட்டு. தாரணிக்கு, நிரந்தரம் இப்போதைக்கு இல்லை. பண்பாட்டோடு ஒட்டிக்கொள்ள இன்னும் மூன்று மாத அவகாசம்.

அவள் கடிதத்தோடு உமேஷின் அறைக்குப் போனாள்.

"உங்களுக்கு ரெண்டு பாஷையும் தெரியுமுங்க. நான் உங்களைத்தான் கூப்பிட்டேன், கேட்டதுக்குப் பதில் சொல்லலைன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

உமேஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன் தாரணி. ஆனா பெரியவங்க பேசறப்போ நடுவுல புகுந்தா, மரியாதையா இருக்குமா?"