தேதி முந்தியா, மாசம் முந்தியா

“உம்ம மக காலெடுத்து வைக்கிற வீட்டுல மாமனார் உசுரோட இருக்க மாட்டான் வே. மூல நட்சத்திரம்! கம்ப்யூட்டரே சொல்லுது, பொறவு என்ன?” என்று ஜாதகத்தை மேஜைமேல் விசிறினார் கணபதிசுப்பிரமணியன்.

தென்காசி ரதவீதியில் அவர் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அந்தப் பெட்டியில் ஒரு பொத்தானைக்கூட அவர் தொட்டதில்லை. தட்டுவதெல்லாம் மதுரையில் படித்துவிட்டு வந்த பாலாம்பாள்தான். ஆனாலும் மனுஷரின் தோரணையைப் பார்த்தால் ஒன்பது கிரகங்களையும் சம்பளத்துக்கு வைத்திருப்பவர் என்றே தோன்றும்.

எதிரே நின்ற ஞானசம்பந்தம் மஞ்சள் பையிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்தார்.

“அண்ணாச்சி, இது பொறந்த அன்னைக்கே எழுதுனது. உத்திரட்டாதின்னு இருக்கு. சிவகிரி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கம்ப்யூட்டர் ஜாதகம்தான் வேணும்னாங்க. நீங்க போட்டுக் குடுத்ததப் பாத்துட்டு, பொண்ணு வேண்டாம்னு கிளம்பி பஸ் ஸ்டாண்டுல நிக்காங்க. இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எல்லாவனும் இப்படி ஒரு பழந்தாளத் தூக்கிட்டு வந்திருதான்! என் சம்பந்தி வடகரைக்காரரப் பாரும். எம்புட்டு டீசன்ட்டு! ‘பழைய ஜாதகத்த கரையான் அரிச்சிட்டு. ஜூன் நாலாம் தேதி சாயங்காலம் பொறந்தா. நீங்களே கம்ப்யூட்டர்ல போட்டுக்கிடுங்க’ன்னுட்டாரு. ஆடியில மெட்ராஸ்லருந்து ஜாதகம் கணிக்கிற புது பிளாப்பி வந்த அன்னைக்கு மொத ஜாதகமே என் மருமகளுக்குத்தான். சித்திரை நட்சத்திரம், பத்துக்குப் பத்துப் பொருத்தம். ஆவணியில கல்யாணத்தையே முடிச்சிட்டேன்.”

நோட்டையே பார்த்துக்கொண்டிருந்த பாலாம்பாள் நிமிர்ந்தாள். “அண்ணாச்சி, அந்தப் புது பிளாப்பியிலதான் கோளாறு.”

“வாய மூடுட்டி! மெட்ராஸ்காரன் குடுத்ததுக்கு நீ நொட்டை சொல்லுதியோ? குத்தாலத்துக் கொரங்கு மாதிரி கண்டதையும் நோண்டாத.”

“நோண்டல, அண்ணாச்சி. நம்ம வழக்கப்படி தேதி முந்தி, மாசம் பிந்தின்னு பழைய பிளாப்பியில ஒரு வரி எழுதி வச்சிருந்தேன். புதுசு போட்டதும் அது போயிட்டு. மிஷின் மறுபடியும் அமெரிக்காக்காரன் வழக்கத்துக்கே திரும்பிட்டு. அவனுக்கு மாசம்தான் முந்தி. இவரு மக பொறந்தது ஆகஸ்ட் அஞ்சு. நான் 5-8ன்னு அடிச்சத மே எட்டுன்னு எடுத்துக்கிட்டு.”

“ஏட்டி, அப்போ பதினெட்டாம் தேதி பொறந்தவனுக்கு?”

“பதினெட்டாம் மாசம் ஏது? தப்புன்னு திருப்பித் தள்ளுச்சு. அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேன். ‘தள்ளுனா மாத்தி அடி, எங்கிட்ட வந்து நிக்காத’ன்னீங்க. பன்னெண்டுக்குள்ள உள்ள தேதியத்தான் சத்தமில்லாம மாசமாக்கிட்டு. இந்த நோட்டப் பாத்த பொறவுதான் எனக்கே புரியுது.”

கணபதிசுப்பிரமணியன் வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். தப்பு என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

“எழுதித் தொல,” என்றார்.

அந்த ஒரு வரியை எழுதி, மிஷினை அணைத்துப் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரிண்டர் கரகரவென்று கத்தி முடித்தபோது, தாளில் உத்திரட்டாதி என்று இருந்தது. ஞானசம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாலாம்பாளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்.

“கோட்டிக்காரப் பய, செருப்ப விட்டுட்டு ஓடுதான் பாரு,” என்று சிரித்தார் கணபதிசுப்பிரமணியன். “ஒரு ஜாதகம் தப்பிட்டாம், அதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம்!”

“ஒண்ணு இல்ல, அண்ணாச்சி. ஆடியிலருந்து போட்டதுல பன்னெண்டாம் தேதிக்குள்ள பொறந்தவங்க முக்காவாசிப் பேருக்கும் தப்பாத்தான் இருக்கும். மொதல்லருந்து திருப்பிப் போடுதேன்.”

“போடு, போடு. மாமனார முழுங்கப் போறவ இன்னும் எத்தன பேரு இருக்காளுவன்னு பாப்போம்!” நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்க இன்னொரு தரம் சிரித்தார்.

பிரிண்டர் முதல் தாளைத் தள்ளியது. பாலாம்பாள் அதைக் கிழித்தாள்; படித்தாள்; மறுபடியும் படித்தாள். அவள் உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது.

“என்னட்டி முழிக்க? யாரு ஜாதகம்? சத்தமா வாசி!”

“ஜூன் நாலு, சாயங்காலம், வடகரை. மூல நட்சத்திரம்,” என்று வாசித்துவிட்டு, தாளை அவர் முன்னால் பவ்யமாக வைத்தாள்.

“உங்க சம்பந்தி வீட்டுல கரையானே கிடையாது போல, அண்ணாச்சி.”