தனித் தட்டு

அவள் மூக்கில் சிவந்து தடித்திருந்த தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்த முடிவு வந்திருந்தது.

"இது சார்காய்டோசிஸ்ம்மா. நோயை எதிர்க்கிற உடம்போட காவல்காரங்களே காரணமில்லாம தோல்ல கூட்டம் போட்டுட்டாங்க. இது நுரையீரலுக்கும் போகலாம், ஆனா எக்ஸ்ரேல உங்க நுரையீரல் நல்லா இருக்கு. களிம்பும் மாத்திரையும் தர்றேன். அடங்கிடும், கொஞ்சம் நாளாகும்" என்றார் தோல் டாக்டரம்மா.

"தொத்துமா டாக்டர்?"

"தொத்தவே தொத்தாது. யாரு கெளப்பிவிட்டது?"

"எங்க வீட்டுக்காரர்தான். எனக்குத் தனி ரூம், தனித் தட்டு. பொண்ணைக்கூட என் பக்கத்துல விடறதில்ல. இப்ப அவளே என்னைப் பாத்தா ஒதுங்கிப் போறா."

"சரியான விவரம் கெட்ட மனுஷன்! கூட்டிட்டு வாங்க, புரியிற மாதிரி நான் சொல்றேன்."

"பொண்ணை வேணா கூட்டிட்டு வர்றேன், அவகிட்ட சொல்லுங்க டாக்டர். அவருக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்று எழுந்தாள் அவள். "அவரும் தோல் டாக்டர்தான்."