தொலேதோ

அந்த ஆளுக்கு முகம் இல்லை.

முகம் இருக்க வேண்டிய இடத்தை ஈரத்துணியால் தேய்த்துவிட்டதுபோல அழித்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் தெருவைக் காட்டும்போது எல்லார் முகத்தையும் அப்படித்தான் அழிப்பார்களாம். மகள் சங்கரி சொல்லியிருந்தாள்.

கையை அழிக்கவில்லை. காதையும் அழிக்கவில்லை.

வலது கையால் இடது காதைப் பிடித்துக்கொண்டு, ஒரு பழக்கடை வாசலில் நின்றார்.

அவள் கம்ப்யூட்டரைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

எல்லாம் இந்த முழங்காலால் வந்தது. தொலேதோ மலைமேல் கட்டிய பழைய ஊர், கோட்டையும் மாதாகோயிலுமாகப் பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் மேடு அதிகம் என்றாள் சங்கரி. சங்கரி குடியிருக்கும் மாட்ரிட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். சனிக்கிழமை காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். "உன் காலுக்கு எந்தத் தெரு தோதுப்படும்னு நீயே நடந்து பாரும்மா" என்று கம்ப்யூட்டரை மடியில் வைத்துவிட்டுத் தோசை சுடப் போய்விட்டாள்.

"தொலேதோவா? பேரே தொலைஞ்சு போற மாதிரில்லா இருக்கு" என்று இவள் சிரித்தாள். சற்று முன்புதான் சிரித்தாள்.

அம்புக்குறியை அழுத்தினால் தெருவில் ஓர் எட்டு முன்னால் போகலாம்.

போனாள்.

இப்போது அவர் காதை விட்டுவிட்டார். குனிந்து ஆரஞ்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். இடது தோள் இறங்கியிருந்தது. எப்போதும் இறங்கித்தான் இருக்கும். தையல்காரர் அதற்கென்றே அந்தப் பக்கம் அளவைக் குறைத்து வெட்டுவார்.

இன்னும் ஓர் எட்டு.

மறுபடியும் காது.

யோசனை வந்தால் காதைப் பிடிப்பார். கல்யாணமான புதிதில், "தெருவுல நின்னுகிட்டா பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுதீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவரை அவள் செய்த கேலி மொத்தமே அவ்வளவுதான். மற்றபடி வாங்க, போங்க, சாப்பிடுங்க. அவர் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடச் சங்கரியைச் சொல்ல வைப்பாள்.

அவருக்குக் கப்பலில் சமையல் வேலை. கடலில் விழுந்துவிட்டார், உடல் கிடைக்கவில்லை என்று தூத்துக்குடிக்குத் தகவல் வந்தபோது சங்கரி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கட்டம் போட்ட சட்டை ஒன்றை வைத்து எரித்துக் காரியம் செய்தார்கள். வருஷா வருஷம் திதிக்கு அவருக்குப் பிடித்த உளுந்தவடை சுட்டுக் காக்காய்க்கு வைத்தாள். ஒரு வருஷம் காக்காய் வரவில்லை. அன்று முழுக்க அழுதாள்.

கடலில் விழுந்தவர், கடலே இல்லாத ஊரில் நின்றார்.

படத்தின் மூலையில் எப்போது எடுத்தது என்று போட்டிருந்தது. போன வருஷம், ஏப்ரல்.

போன வருஷம் ஏப்ரலில்தான் சங்கரியின் கல்யாணம்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது தம்பியும் தம்பி பெண்டாட்டியும். அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். அங்கே நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. அவளாகவே போய் நின்றாள். மகள் கழுத்தில் தாலி ஏறியபோது அவளுக்கு மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அந்த ஏப்ரலில் இங்கே ஆரஞ்சு வியாபாரம்.

"பாவி."

வாய்விட்டே சொல்லிவிட்டாள். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரைப் போய் அப்படிச் சொல்லலாமா?

அவரையா?

அவனை.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவன். நாக்கு அழுகிவிடவில்லை.

வேறு யாராகவாவது இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தாள். நடுத்தெருவில் காதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஸ்பெயின்காரனுக்கு என்ன வேண்டுதல்? அதோடு, அந்தத் தோள்.

இத்தனை வருஷமாக அந்த வடையைத் தின்ற காக்காய் யார்?

சிரிப்பு வந்தது.

"அம்மா, தெரு எப்படி இருக்கு? நடந்துருவியா?" சமையலறையிலிருந்து சங்கரியின் குரல்.

கால் வலிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சங்கரி வேறு ஊர் பார்ப்பாள். தூத்துக்குடி வீட்டில் மாலை போட்ட படம் அப்படியே தொங்கும். சங்கரிக்கு, கடலில் போன நல்ல அப்பா ஒருவர் என்றைக்கும் இருப்பார்.

கம்ப்யூட்டரை மூடினாள்.

"நடப்பேன்."

சங்கரி தோசைத் தட்டோடு வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஏட்டி, உங்கிட்ட பொட்டு இருக்கா?"

சங்கரிக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. அம்மா இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் கெஞ்சிக்கொண்டிருந்தது அதற்குத்தான். இங்க யாரும்மா பாக்கப் போறா, ஒரே ஒரு பொட்டு வச்சுக்கோ. அம்மா திருநீற்றைத் தவிர எதையும் நெற்றியில் ஏற்றவில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"நெசமாவா? கறுப்புத் தரட்டா, மெரூன் தரட்டா?"

"செவப்பு. இருக்கதுலயே பெருசு எதுவோ அது."

"ஆத்தாடி! தொலேதோவுல யாருக்கும்மா காட்டப் போற?"

"இருக்கான் ஒருத்தன்."

சங்கரி விழுந்து விழுந்து சிரித்தாள்.