பாதி விலைக்கு வந்த கார்

இணையத்தில் படம் பார்த்து மயங்கிய பழைய காரை வாங்க, ஜவுளிக்கடைக்காரர் மனைவியோடும் மெக்கானிக் மைத்துனனோடும் போனார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று மைத்துனன் தரைவிரிப்பைத் தூக்கினான், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான், ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் விரல்விட்டுத் துழாவினான். எங்கும் சேறோ துருவோ இல்லை.

"சுத்தமான வண்டி மாமா" என்று காதில் சொன்னான்.

நல்ல சரக்கிலும் ஒரு குறை சொல்லாமல் கடைக்காரர் விலை பேசியதே இல்லை. மூக்கைச் சுளித்தார்.

"தண்ணியில கிடந்ததை என் தலையில கட்டப் பாக்குறீங்களே" என்று சும்மா ஒரு பொய்யைப் போட்டுப் பார்த்தார்.

விற்பவர் முகம் வெளுத்தது. "பாதி குடுங்க போதும். இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க."

மைத்துனன் பைக்கில் முன்னால் போய்விட்டான். வழியெல்லாம் கடைக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெயித்த பேரம் இதுவரை அவரை இப்படி உறுத்தியதில்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். மனைவி எம்பி, அண்ணாந்து, மூக்கு கூரையில் உரச உட்கார்ந்திருந்தாள்.

"கழுத்து சுளுக்கிக்கப் போகுது. ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"இங்க மட்டுந்தாங்க மூச்சு விட முடியுது."

நான்கு ஜன்னல்களும் திறந்தே இருந்தன. காற்றில் படபடக்க வேண்டிய அவள் முந்தானை, எந்த அவசரமும் இல்லாமல், மேலே மிதந்துகொண்டிருந்தது.